கடித்த இடம்

காலை ஐந்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது ஒரு கால். ஓட்டோவின் பின் இருக்கையிலிருந்து வெளியே நீட்டிக் கிடந்தது. கணுக்காலுக்கு மேலே, இடுப்பில் கட்டும் பச்சைச் சாரத்தைக் கிழித்து யாரோ கட்டியிருக்கிறார்கள். பிறகு யாரோ விஷயம் தெரிந்தவர் கட்டை அவிழ்த்திருக்கிறார். துண்டு தளர்ந்து தொங்கியது. பாதத்தில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. சேற்றுக்குக் கீழே தோல் வீங்கி மினுங்கியது. முகத்தை அதன் பிறகுதான் பார்த்தேன்.

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையில், துறையில் நின்றுகொண்டிருந்தேன். வாவியைக் கடக்க மோட்டார் பூட்டிய மிதவைத் தட்டு ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிள், ஓட்டோ, பால்கேன், மனிதர் எல்லாம் அதில் ஏறலாம். அதை நாங்கள் பாதை என்போம். அன்றைய முதல் பாதை மேற்கிலிருந்து வந்து அணைந்தபோது அதில் அந்த ஓட்டோ மட்டும்தான் இருந்தது.

துறையில் ஒரு பெண் காத்திருந்தாள். கையில் பிளாஸ்டிக் பை. உள்ளே மடித்த சாரமும் சுடுதண்ணீர்ப் போத்தலும். பாம்புக் கடிபட்டவரின் மனைவி. ஓட்டோவை ஓட்டி வந்தவன் அவளுடைய தம்பி.

"ஏன்டா இஞ்ச கொண்டு வாறாய்? ஆசுபத்திரி அங்கயே இருக்குத்தானே?"

"அங்க மருந்து இல்லயாம் அக்கா. சேலைன் ஏத்திப்போட்டு, பெரியாசுபத்திரிக்குக் கொண்டு போங்க எண்டாங்க. வீதியால வர ஒண்ணா, பாலத்தடியில வெள்ளம் பாயுது. அம்புலன்சும் தாண்டாதாம். விடியும் மட்டும் துறையில கிடந்தம்."

"கதைக்கிறாரா?"

"கதைச்சாரு. இப்ப கதைக்கல்ல."

அவள் கணவனின் காலருகே ஏறி உட்கார்ந்து, காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஓட்டோவுக்குக் கிட்டப் போனேன். பத்திரிகையில் வேலை செய்த பழக்கம். வாய் தானாகக் கேட்டது.

"தம்பி, கடிச்சது எவடத்த?"

"ஏன் மிஸ், பாம்பு பிடிக்கப் போறீங்களா?" என்றான். பிறகு என்ன நினைத்தானோ, பதிலும் சொன்னான். "எங்கட வட்டைக்கதான். வாடிக்குப் பின்னால. ராத்திரி தண்ணி பாக்கப் போகக்க வரம்பில மிதிச்சுப்போட்டாரு. புடையன்."

வட்டை என்றால் வயல்பரப்பு. வாடி என்றால் அதற்குள் போடுகிற குடிசை, வரம்பு என்றால் வயலின் வரப்பு, புடையன் என்றால் கண்ணாடி விரியன். ஓட்டோ போய்விட்டது. பாதை ஓட்டுபவர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"மிஸ் ஏறல்லயா? ஓட்டோ போயிற்று, பாதை நிக்குது."

ஏறினேன்.

நான் அன்று மேற்கே போனதற்குக் காரணம் ஒரு வரைபடம். அதைச் சொல்வதற்கு முன் என் வேலையைச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் அது என்ன வேலை என்று இன்றைக்கும் பலருக்குத் தெரியாது.

நோயாளியைப் பார்ப்பவர் டொக்டர். ஒரு நோய் எங்கே கூடுகிறது, யாருக்குக் கூடுகிறது, எந்த மருந்தால் உண்மையில் குறைகிறது என்பதை ஆட்களை எண்ணிப் பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. பதவியின் பெயர் மருத்துவப் புள்ளிவிபரவியலாளர். அந்தக் கதிரையில் இந்தப் பக்கத்தில் உட்காரும் முதல் பெண் நான் என்று நியமனம் தந்த அன்று சொன்னார்கள். கதிரை வந்துசேரப் பிந்தியதால் முதல் மாதம் மருந்துப் பெட்டியொன்றின் மீது உட்கார்ந்து வேலை செய்தேன்.

டொக்டர்மார் எனக்கு வைத்த பெயர் கணக்கப்பிள்ளை. கூட்டத்துக்குள் நுழைந்தால், "கணக்கப்பிள்ளை வந்திட்டா, இனி தேத்தண்ணியும் எண்ணித்தான் வரும்" என்பார்கள். சிரித்துவிட்டு உட்காருவேன். கணக்கப்பிள்ளை இல்லாத தேயிலைத் தோட்டத்தில் என்ன நடக்கும் என்று அவர்களுக்கும் தெரியும் என்பதால் கோபப்படவில்லை.

என் அம்மாவுக்கும் இந்த வேலை பிடிக்கவில்லை. கணக்கு நன்றாக வருகிற பெண் கணக்கு டீச்சராகப் போகவேண்டும் என்பது அவர் எண்ணம். "நோயாளியையும் தொடமாட்டாய், பிள்ளையளுக்கும் படிப்பிக்கமாட்டாய். அப்ப என்னதான் செய்வாய்?" என்று கேட்டார். அதோடு அவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்கு. கலியாணம் முடித்த ஆண் தன் துணிமணியோடு மனைவியின் வீட்டுக்கு வந்துவிடுவான். அம்மா எனக்கென்று கட்டிய வீடு, ஓடு போட்டு, வெள்ளை அடித்து, பூட்டிக் கிடந்தது. மாப்பிள்ளை வந்தால்தான் பூட்டின் திறப்பைத் தருவேன் என்றார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வேலையை விடுவேனா என்று கேட்டார்கள். நான் ஒருநாள் அம்மாவிடம் திறப்பைக் கேட்டு வாங்கி, சாமி அறைக்கென்று விட்டிருந்த அறையில் மேசையும் கணினியும் போட்டேன். ஊர் கொஞ்ச நாள் கதைத்தது. ஊருக்கும் வேலை வேண்டும்.

பத்திரிகை அதற்கு முந்தியது. வந்தாறுமூலையில் உள்ள பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் வகுப்புகள் அடிக்கடி நிற்கும். நின்ற நாட்களில் செங்கலடிச் சந்தியிலிருந்து பத்திரிகைக்குச் செய்தி எழுதினேன். பட்டம் முடிந்த பிறகு அதே பத்திரிகையில் மாவட்டச் செய்திகளைத் திருத்தும் மேசையில் சில காலம் இருந்தேன். அந்த மேசையில் மறக்க முடியாத ஒரு வழக்கம் இருந்தது. செய்தி எங்கே நடந்ததோ அந்த ஊரின் பெயரில்தான் தொடங்கும். செங்கலடிக்காரர் ஒருவர் கதிரவெளிக் கடலில் தோணி கவிழ்ந்து இறந்தால் செய்தியின் முதற் சொல் கதிரவெளி. செங்கலடி இரண்டாம் பந்தியில் வரும். அதை மாற்றிப் போட்டவர் அடுத்த நாள் காலை எல்லோர் முன்னாலும் நின்று விளக்கம் சொல்லவேண்டும்.

இனி வரைபடம்.

பாதையில் நான் ஏறியதற்கு முந்திய வாரம் சுகாதாரக் குழுவின் கூட்டம் நடந்தது. பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்தை எந்தெந்தச் சிறிய வைத்தியசாலைகளில் வைப்பது, எங்கே ஊழியருக்குப் பயிற்சி கொடுப்பது என்று முடிவு செய்யவேண்டும். மருந்தின் விலை அதிகம். எல்லா இடத்துக்கும் கிடைக்காது. ஆகவே பாம்பு எங்கே கூடுதலாகக் கடிக்கிறது என்று பார்த்து அங்கே கொடுப்பது என்ற ஏற்பாடு. தலைமை அலுவலகத்தில் கணினியிலிருந்து எடுத்து ஒரு வரைபடம் செய்து கொண்டுவந்திருந்தார்கள். கடிபட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. அறிக்கையில் புள்ளிவிபரவியலாளர் என்ற இடத்தில் என் பெயர் ஏற்கெனவே தட்டச்சாகியிருந்தது. கையெழுத்து மட்டும் வேண்டும்.

சிவப்பு முழுவதும் எழுவான்கரையில் இருந்தது. வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக இருக்கிற நிலத்தை எழுவான்கரை என்போம். வீடுகள், பாடசாலைகள், கடைகள், பெரிய வைத்தியசாலை எல்லாம் அங்கே. மேற்கே இருப்பது படுவான்கரை. கொக்கட்டிச்சோலையும் அதைச் சுற்றிக் கண்ணுக்கெட்டும் வரை வட்டைகளும். வரைபடத்தில் படுவான்கரை கிட்டத்தட்ட வெறுமையாகக் கிடந்தது.

குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், விசேட வைத்திய நிபுணர், அன்பாகப் பேசுபவர். அவர் வரைபடத்தைப் பார்த்தவுடனேயே விளக்கம் சொன்னார்.

"தென்னந்தோட்டம். பொச்சு மட்டைக் குவியல். அதுக்குள்ள எலி. எலி இருந்தா பாம்பு. எவ்வளவு தெளிவாத் தெரியுது, பாருங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் எலியைப் பற்றி மேலதிகமாக இரண்டு வசனம் சொன்னார்.

நான் அந்த மணலில் பிறந்தவள். கடலோர வளவுகளில் ஆடு, நாய், கோழி, விளையாடுகிற பிள்ளைகள் எல்லாம் பார்த்திருக்கிறேன். எங்கள் வளவில் புடையனைக் கண்டதில்லை. ஆனால் நான் காணாதது கணக்கில் சேராது. அன்று எனக்குச் சந்தேகம் இருந்தது, காரணம் இருக்கவில்லை. காரணமில்லாத சந்தேகத்தை நான் கூட்டத்தில் சொல்வதில்லை. கையெழுத்துக்கு அடுத்த கூட்டம்வரை நேரம் கேட்டேன்.

"பார்த்திட்டே இருக்கிற படத்தில இன்னும் என்ன பார்க்கிறது, பிள்ளை?" என்றார் தலைவர். நேரம் தந்தார்.

அப்படித்தான் நான் அந்தப் பாதையில் நின்றேன். நடு வாவியில், மோட்டார்ச் சத்தத்துக்குள், காரணம் கிடைத்துவிட்டது. அதை உறுதிசெய்ய மறுகரைக்குப் போகவேண்டியிருந்தது.

மேற்கே இருந்த அந்தச் சிறிய வைத்தியசாலையில் தாதி அப்போதுதான் முகம் கழுவிவிட்டு வந்தார். இரவு முழுவதும் விழித்த கண். நான் யாரென்று சொன்னேன். ராத்திரி வந்தவரின் ஊர் என்னவென்று கேட்டேன். எழுவான்கரையில் ஒரு கடலோர ஊரைச் சொன்னார்.

"கடிச்சது இஞ்சதானே?"

"இஞ்சதான். வயல் அந்தா தெரியுது. ஆனா ஊர் எது எண்டு கேட்டா அவங்க அங்கதான் சொல்லுவாங்க, மிஸ். வாடிய ஊரெண்டு ஆரும் சொல்லுவாங்களா?"

சொல்லமாட்டார்கள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டில் இருக்கிறான். அதுதான் அவன் ஊர், அதுதான் விலாசம். வயல் மேற்கே. மழையோடு வரும் முன்மாரி விதைப்புத் தொடங்கியதும் அவன் வாவியைத் தாண்டி வந்து வாடியில் படுக்கிறான். யானைக்குக் காவல், பன்றிக்குக் காவல், தண்ணீருக்குக் காவல். வாடிக்கு இலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை. பாம்பு அவனை வரம்பில் கடிக்கிறது. வைத்தியசாலையில் ஊரைக் கேட்டால் மனைவியின் வீட்டைச் சொல்கிறான். கணினி அந்த வீட்டின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கிறது. படுவான்கரையில் கடித்த பாம்பையெல்லாம் வரைபடம் எங்கள் பெண்களின் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து விட்டிருந்தது.

அதன்படி மருந்தும் எழுவான்கரைக்கே போகும். பெரிய வைத்தியசாலை கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர்களுக்கு.

"மருந்து தந்தா ஏத்தலாமா?" என்று தாதியிடம் கேட்டேன்.

"டொக்டர் இருக்கிறாரு. ஒவ்வாம வந்தா பார்க்கிற மருந்தும் இருக்கு. பழக்கித் தந்தா நாங்க ஏத்துவம். பிரிட்ஜ் இருக்கு, வாங்க காட்டுறன்." திறந்து காட்டினார். "இதுக்குள்ள ஐஸ்தான் விளையுது."

மத்தியானம் திரும்பி வரும்போது பெரிய வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்தேன். காலையில் ஓட்டோவில் வந்தவர் இறந்துவிட்டார். அவருடைய விலாசம் எழுவான்கரை. இனி அவரும் அங்கே ஒரு புள்ளி.

அடுத்த கூட்டம்வரை நான் செய்த வேலை ஒரே ஒரு கேள்வி கேட்பது. வரைபடத்தில் புள்ளியாக இருந்த ஒவ்வொருவரையும் தேடி, கடித்த இடம் எது என்று கேட்டேன். தொலைபேசி கிடைத்தவர்களைத் தொலைபேசியில். கிடைக்காதவர்களை வீட்டில். அலுவலகத்தில் வாகனம் தரவில்லை, பஸ் இருந்தது.

"மிஸ், நட்டஈடு குடுக்கப் போறாங்களா?" என்று பலர் கேட்டார்கள். இல்லை என்றதும் பாதிப்பேருக்கு உற்சாகம் குறைந்தது. ஒரு பெண் தொலைபேசியை எடுத்தாள்.

"மனிசன் வட்டைக்க. போன் எனக்கிட்ட. கடிச்சது அவர, கேள்வி எனக்கா?"

"அவர எவடத்த கடிச்சதெண்டு உங்களுக்குத் தெரியுமா, அக்கா?"

"தெரியாமலா? அந்த வரம்பப்பத்தி அண்டையிலயிருந்து கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. எங்கட வட்டையில மருதமரத்தடி. மறுகா என்ன வேணும்?"

வேறொன்றும் வேண்டாம். பாம்பு கடித்த இடத்தைக் கடிபட்டவன் மறப்பதில்லை என்பது எனக்கு விளங்கியது. ஆனால் விளங்கியது போதாது. ஆகவே ஒவ்வொருவருக்கும் அன்று கூட இருந்த இன்னொருவரையும் தனியாகக் கேட்டேன். இருவர் சொன்னதும் ஒத்துப்போனால் மட்டும் புள்ளியை நகர்த்தினேன். ஒத்துப்போகாதவை கிழக்கிலேயே நின்றன. சில பாம்புகள் உண்மையில் எழுவான்கரையில்தான் கடித்திருந்தன. ஒருவருக்கு விறகுக் கட்டுக்குள், ஒருவருக்குக் கோழிக்கூட்டடியில். அவற்றை நான் தொடவில்லை. எனக்கு வேண்டிய பக்கம் புள்ளி போகவேண்டும் என்பது வேலை அல்ல.

ஓட்டோவில் வந்து இறந்த அந்த மனிதரின் வீட்டுக்கும் போனேன். கடித்த இடம் எனக்கு முன்பே தெரியும். ஆனால் தம்பி சொன்னது ஒருவர் சொன்னது. இரண்டு பேர் சொல்லவேண்டும் என்ற விதி அவருக்கும் ஒன்றுதான்.

மனைவி வாசலில் நின்றாள். என்னைத் துறையில் பார்த்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"செத்த பிறகும் விலாசம் கேட்டு வந்திருக்கிறீங்களா?"

"விலாசம் வேண்டாம் அக்கா. கடிச்ச இடம்."

"தம்பி அண்டைக்கே சொன்னானே."

"இன்னொராளும் சொல்லவேணும். அப்பதான் எழுதலாம்."

நான் விசர் பிடித்தவளா, இல்லையா என்று முடிவு செய்வதுபோல அவள் பார்த்தாள்.

"கடிச்ச உடன எனக்குத்தான் முதல் போன் எடுத்தாரு. வாடிக்குப் பின்னால, வாய்க்கால் வரம்பில எண்டாரு. 'பயப்படாத, ஆசுபத்திரி கிட்டத்தானே' எண்டாரு." கதவு நிலையைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். "எழுதுங்க. அவரு இஞ்ச சாகல்ல, அங்க இருந்து சாகத் தொடங்கினாரு எண்டு எழுதுங்க."

கடித்த இடம் படுவான்கரை என்று எழுதினேன்.

இரண்டாவது கூட்டத்துக்கு இரண்டு வரைபடம் கொண்டுபோனேன். ஒன்று அவர்களுடையது, விலாசத்தின்படி, இடையில் வந்த கடிகளையும் சேர்த்துப் புதுப்பித்தது. மற்றது என்னுடையது, கடித்த இடத்தின்படி. மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என்னுடையதில் சிவப்பு வாவியைத் தாண்டி மேற்கே போயிருந்தது. யாரும் விளக்கம் சொல்லாமலேயே விளங்கும் என்று நினைத்தேன். விளங்கியது. பிடிக்கவில்லை.

"பிள்ளை," என்றார் தலைவர், "நோயாளிய விலாசத்தின்படிதான் எண்ணுறது. இது நான் கண்டுபிடிச்சதில்ல. உலகம் முழுக்க அப்படித்தான்."

"நீரிழிவுக்குச் சரி, சேர். அது ஆளோட வீட்ட வரும். பாம்பு வராது."

"ஆக்கள் ஞாபகத்தில சொல்லுறத வைச்சு விஞ்ஞானம் செய்ய ஏலாது."

"விலாசமும் அவங்க வாயால சொன்னதுதான், சேர். நாங்க கேட்டது பிழையான கேள்வி. நான் சரியானத இரண்டு பேரிட்டக் கேட்டிருக்கிறன்."

அறையின் மூலையிலிருந்து ஓர் இளம் டொக்டர் சொன்னார், "கணக்கப்பிள்ளை இனி வட்டைக்குக் காவல் இருக்கப் போறாவாம்."

சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன்.

"காவல் இருக்கிறவங்களத்தான் டொக்டர் கடிக்குது. வீட்டில படுத்திருக்கிறவங்கள இல்ல."

தலைவர் கையை உயர்த்தினார். இப்போது அவர் குரலில் அன்பு குறைந்திருந்தது. "இது விஞ்ஞான அறிக்கை. பேப்பர்ச் செய்தி இல்ல."

"பேப்பர்கூட இந்தப் பிழைய விடாது, சேர். மேற்கில நடந்தத கிழக்கெண்டு போட்டா அடுத்த நாள் திருத்தம் போடவேணும்."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அறிக்கையை இந்த வாரமே அனுப்பவேண்டும் என்றார் செயலாளர். என் வரைபடத்தைப் பின்னிணைப்பாகவாவது சேருங்கள் என்றேன். ஓர் அறிக்கையில் இரண்டு படம் இருந்தால் மேலே இருப்பவர்கள் குழம்புவார்கள் என்றார்கள். அப்படியானால் ஒரு படம் போடுங்கள், சரியானதைப் போடுங்கள் என்றேன். தலைவர் பேனாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார்.

"கையெழுத்தைப் போடுங்க, பிள்ளை. அடுத்த முறை உங்கட கேள்வியச் சேர்த்துப் பார்ப்பம்."

"அடுத்த முன்மாரி அடுத்த முறைக்கு முதல் வந்திரும், சேர். நான் போடமாட்டன்."

"உங்கட ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறதுக்கு என்ட கையெழுத்தும் வேணும். ஞாபகம் இருக்குதானே?"

"இருக்கு."

"வேலை போனா என்ன செய்வீங்க?"

"எனக்கு வீடு இருக்கு, சேர்," என்றேன்.

அவர் கொழும்பில் வளர்ந்தவர். நான் சொன்னது அவருக்குச் சம்பந்தமில்லாத பதிலாகத் தோன்றியிருக்கலாம். மேசையைச் சுற்றி இருந்த, மனைவியின் வீட்டில் வாழும் மட்டக்களப்புக்காரர்கள் சிலர் தலையைக் குனிந்தார்கள். சிரிப்பை மறைக்கத்தான் என்று இப்போதும் நம்புகிறேன்.

பேனாவை மூடி, அவர் பக்கமே வைத்துவிட்டு வந்தேன். என் பெயரை அறிக்கையிலிருந்து எடுத்துவிடும்படி எழுத்தில் கொடுத்தேன். எடுத்தார்கள்.

என் வரைபடத்தை அவர்கள் எடுக்கவில்லை என்பதால் அது என்னிடம்தான் இருந்தது. ஆட்களின் பெயர், விலாசம் எதுவும் இல்லாமல், விலாசப் படமும் இடப் படமும் ஒரே தாளில் வருமாறு அச்சிட்டேன். கீழே நான் எப்படிக் கேட்டேன், எதை நகர்த்தினேன், எதை நகர்த்தவில்லை என்று அரைப் பக்கம். கடைசியில் என் கையெழுத்து. குழுவில் இருந்த ஒவ்வொருவருக்கும், மருந்து விநியோகத்துக்குப் பொறுப்பான அதிகாரிக்கும் அனுப்பினேன். ஒளித்து அனுப்பவில்லை. தலைவருக்கு அனுப்பிய பிரதியில் யார் யாருக்கு அனுப்பியிருக்கிறேன் என்றும் எழுதினேன்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அலுவலகத்திலிருந்து என் தேநீர்க் கோப்பையும் அகராதியும் ஒரு பெட்டியில் வீட்டுக்கு வந்தன. அம்மா பெட்டியைப் பார்த்துவிட்டு, "இப்பவாவது டீச்சராப் போறியா?" என்றார். போகவில்லை. சாமி அறைக்கென்று விட்டிருந்த அறையில் விளக்கு எரிந்தது. ஆராய்ச்சி செய்யும் மாணவர்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்தேன். சில டொக்டர்மாரும் வந்தார்கள், பின்பக்கத்துக் குறுகிய ஒழுங்கையால். மூலையிலிருந்து சிரிக்க வைத்த இளம் டொக்டரும் ஒருநாள் வந்தார். தன் பட்டமேற்படிப்புக் கட்டுரையை நீட்டி, "கொஞ்சம் பார்த்துத் தாங்க, மிஸ்" என்றார். கணக்கப்பிள்ளை என்று சொல்லவில்லை. அவர் எண்ணிக்கையில் இரண்டு பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

விநியோக அதிகாரி ஒரு நாள் தொலைபேசி எடுத்தார். நான் நேரில் பார்த்திராத மனிதர். குரலில் அவசரம் இருந்தது.

"உங்கட தாள் இஞ்ச இருக்கு. குழுவின்ட அறிக்கையும் இருக்கு. இரண்டிலயும் ஆட்கள் ஒண்டுதானே?"

"ஓம். ஆட்கள் ஒண்டு. இடம்தான் வேற."

"அப்ப நான் மருந்த எவடத்துக்கு அனுப்புறது?"

"ஆள் விழுற இடத்துக்கு."

"நீங்க இப்ப அந்தக் கந்தோரில இல்லயாமே?"

"இல்ல."

"அப்ப ஏன் சேர்மார் சொல்லுறத விட்டு நீங்க சொல்லுறத நான் கேட்கவேணும்?"

"கேட்கத் தேவையில்ல. தாளில நான் எப்படிச் செய்ததெண்டு எழுதியிருக்கு. உங்களுக்குத் தெரிஞ்ச ஆருக்காவது வட்டையில கடிச்சிருந்தா, அவரின்ட விலாசத்தக் கேளுங்க. மறுகா இடத்தக் கேளுங்க."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம். பிறகு, "என்ட மச்சானுக்குக் கடிச்சது," என்றார். இணைப்பைத் துண்டித்தார்.

முன்மாரி விதைப்புத் தொடங்க முன் என் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. மேற்கு வைத்தியசாலையின் பிரிட்ஜ். கதவு திறந்திருந்தது. நடுத்தட்டில் மருந்துப் பெட்டிகள். கீழே தாதி எழுதியிருந்தார்: "ஐஸ் விளையல்ல மிஸ். மருந்து வந்திட்டு. ரெண்டு பேர் பயிற்சிக்கும் போயிற்று வந்திட்டம்."

படத்தை அச்சிட்டு மேசைக்கு மேலே ஒட்டினேன். அம்மா அதைச் சாமிப் படம் என்று நினைத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "பிரிட்ஜயா மாட்டி வைச்சிருக்கிறாய்?" என்றார்.

பிறகு என் பழைய பதவிக்கு விளம்பரம் வந்தது. விண்ணப்பித்தேன். நேர்முகத் தேர்வில் ஒருவர், முன்னைய பிரச்சினை திரும்ப வராதுதானே என்று கேட்டார். பிழையான படம் வந்தால் வரும் என்றேன். தகுதியுள்ள வேறு ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. வேலை கிடைத்தது. அதே கதிரை, ஒரு கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இப்போது எங்கள் பகுதிப் பாம்புக்கடிப் பதிவுகளில் ஊர் என்பதற்கு மேலே கடித்த இடம் என்று ஒரு வரி இருக்கிறது. என் கீழே வேலை பழகும் இரண்டு பெண்கள் அந்த வரி வெறுமையாக வந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அவர்களையும் கணக்கப்பிள்ளைகள் என்கிறார்கள். அவர்கள் சிரிப்பதில்லை, பதவியின் பெயரைச் சொல்லித் திருத்துகிறார்கள். அது என்னுடையதைவிட நல்ல முறை.

குழுவின் அறிக்கை இணையத்தில் இன்னும் இருக்கிறது. யாரும் இறக்கிப் பார்க்கலாம். வரைபடத்தில் ஓட்டோவில் வந்த அந்த மனிதரின் புள்ளி எழுவான்கரையில், மனைவியின் வீட்டின் மேல் இருக்கிறது.